அளந்தது களியை, எழுதியது குருத்தெலும்பு என்று: ஆல்ஜினேட் வளர்ப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை; நரம்பும் இல்லை. அதனால் அதில் ஏற்படும் தேய்வும் பிளவும் எலும்பு முறிவைப் போலத் தாமாகக் கூடுவதில்லை. சிறிதளவு குருத்தெலும்பை எடுத்து, அதன் செல்களைப் பெருக்கி, மறுபடியும் குருத்தெலும்பாக வளர்க்க முடியுமா என்பது திசுப் பொறியியலின் பழைய கேள்விகளில் ஒன்று. இதில் ஒரு சிக்கல் உண்டு. வளர்ப்புத் தட்டின் சமதளத்தில் பெருகும் குருத்தெலும்புச் செல்கள் சில தலைமுறைகளுக்குள் தங்கள் உருண்டை வடிவத்தை இழந்து நார்ச்செல்களைப் போல நீண்டுவிடும். குருத்தெலும்புக்குரிய புரதமான இரண்டாம் வகைக் கொலாஜனைக் கைவிட்டு, நார்த்திசுவுக்குரிய முதல் வகையை உருவாக்கத் தொடங்கும். அப்படி மாறிய செல்களை முப்பரிமாணக் களிக்குள் அடைத்தால் பழைய இயல்பு திரும்புகிறது என்பதை 1982-இல் பென்யாவும் ஷாஃபரும் அகரோஸ் களியில் காட்டினர். அதன் பின்னர் ஆல்ஜினேட், கொலாஜன், ஃபைப்ரின், ஹயலுரானிக் அமிலம், கைட்டோசான் எனப் பல இயற்கைப் பலபடிகளின் (பாலிமர்களின்) நீர்க்களிகள் இதே வேலைக்கு எடுத்தாளப்பட்டுள்ளன.

எங்கள் ஆய்வுக்கூடம் தேர்ந்தெடுத்தது ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இந்தப் பலபடி, மானுரானிக் அமிலம், குலுரானிக் அமிலம் என்ற இருவகை அலகுகளால் ஆன நீண்ட சங்கிலி. கால்சியம் அயனி சேர்ந்ததும் அடுத்தடுத்த சங்கிலிகளின் குலுரானிக் பகுதிகள் அயனியை நடுவில் வைத்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. 1973-இல் முன்வைக்கப்பட்ட ‘முட்டைப் பெட்டி’ மாதிரி இந்தப் பூட்டைத்தான் விளக்குகிறது. கடுமையான வெப்பமோ வேதிப்பொருளோ தேவைப்படாத முறை என்பதால் செல்களுக்கு அதிகத் தீங்கில்லை. மேலும், சிட்ரேட் கரைசலில் போட்டால் களி கரைந்து உள்ளே இருந்த செல்களை உயிருடன் மீட்கலாம். எங்களோடு இணைந்திருந்த எலும்பியல் அறுவை மருத்துவருக்கு இந்தக் கடைசி வசதியே முக்கியமாக இருந்தது.

வேலையைச் செய்தவர்கள் ஓர் ஆய்வு மாணவியும் ஓர் ஆய்வக உதவியாளரும். மேற்பார்வை என்னுடையது. திசு வெட்டுகளைச் செய்து சாயமிட்டுத் தருபவர் பல குழுக்களுக்கும் பொதுவான ஒரு திசுவியல் நுட்பர். கீழே எழுதப்படும் தவறுகளில் பெரும்பங்கு செயல்முறைக் குறிப்பில் கையெழுத்திட்ட என்னைச் சேரும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடங்கிய விதம்

மாட்டின் மூட்டிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் இரண்டு முறை பெருக்கி, 2 சதவீத ஆல்ஜினேட் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 லட்சம் செல்கள் என்ற அளவில் கலந்தோம். கலவையை வட்ட அச்சுகளில் ஊற்றி 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடுக் கரைசலில் மூழ்கவைத்து வில்லைகளாக உறையச் செய்தோம். வளர்ப்பு ஊடகத்தில் அஸ்கார்பிக் அமிலமும் வளர்ச்சிக் காரணியும் சேர்க்கப்பட்டன. வாரத்துக்கு மூன்று முறை ஊடகம் மாற்றப்பட்டது. மொத்தம் 28 நாட்கள் என்பது திட்டம்.

எவ்வளவு குருத்தெலும்புப் பொருள் உருவாகிறது என்பதை அறிய இரண்டு வழிகளை வைத்திருந்தோம். முதலாவது, டைமெத்தில்மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கொண்டு சல்பேட்டேறிய கிளைக்கோசமினோகிளைக்கான்களை, அதாவது குருத்தெலும்பில் செல்களுக்கு வெளியே நிறைந்திருக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை, அளப்பது. நேர்மின்னேற்றமுள்ள இந்தச் சாயம் எதிர்மின்னேற்றமுள்ள நீண்ட சங்கிலிகளோடு சேரும்போது நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும். 525 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தல் கூடும். 1986-இல் ஃபார்ண்டேல் குழுவினர் செம்மைப்படுத்திய முறை இது. அன்றுமுதல் குருத்தெலும்பு ஆய்வில் அன்றாடப் புழக்கத்தில் உள்ளது. இரண்டாவது வழி, திசு வெட்டுகளைச் சஃப்ரானின் ஓ கொண்டு சாயமிடுவது. நல்ல குருத்தெலும்பு இதில் செந்நிறமாகத் தெரியும்.

செல் இல்லாத ஆறு வில்லைகளையும் அன்றே செய்தோம். ஆனால் அவை அமுக்கச் சோதனைக்காக மட்டும் ஒதுக்கப்பட்டவை. சாயச் சோதனைக்கு அவற்றையும் உட்படுத்த வேண்டும் என்று குறிப்பில் எங்கும் எழுதவில்லை. சாயச் சோதனையில் பூச்சிய அளவைக் காட்டும் வெற்று மாதிரியாக நாங்கள் வைத்திருந்தது, களியைத் தொடாத புதிய வளர்ப்பு ஊடகம்.

முதல் மூன்று வாரங்களில் கண்டவை

ஏழாம் நாளில் உதவியாளர் வில்லைகள் உப்பியிருப்பதாகச் சொன்னார். இடுக்கியால் தூக்கும்போது சில நழுவின, ஓரங்கள் பிசிறடித்திருந்தன. ஆல்ஜினேட் களி வளர்ப்பு ஊடகத்தில் மெல்லக் கால்சியத்தை இழந்து சோடியத்தை ஏற்றுக்கொள்ளும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆகவே இதை எதிர்பார்த்த இளக்கமாகவே எடுத்துக்கொண்டோம். எவ்வளவு இளக்கம் எதிர்பார்க்கத்தக்கது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதே நாட்களில் சாயச் சோதனையின் எண்கள் எங்களை மகிழ்வித்தன. கழித்தெடுத்த ஊடகத்தில் அளவீடு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே வந்தது. வில்லைக்குள் இருந்த அளவு முதலில் மிக உயர்ந்து, பின்னர் சற்றே குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த நாங்கள் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டோம்: செல்கள் நன்றாகச் சுரக்கின்றன, களி இளகியிருப்பதால் சுரந்தது வெளியே கசிகிறது. எல்லா எண்களும் அந்த விளக்கத்துக்குள் பிசிறின்றி அடங்கின. அப்படி அடங்கியதாலேயே மறுபடி ஆராயத் தோன்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பதினாறாம் நாளில் ஒரு கருத்தரங்கத்துக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினோம். விலங்குச் சோதனைக்கான விண்ணப்ப வரைவையும் மருத்துவர் தொடங்கியிருந்தார்.

இருபத்தொன்றாம் நாள் வெட்டுகள் சாயமிடப்பட்டு வந்தன. வில்லை முழுவதும் அழகான செம்மஞ்சள் நிறம். மாணவி அதைத் திரையில் காட்டியபோது, படங்களைக் கொண்டுவந்திருந்த திசுவியல் நுட்பர் ஒரு கேள்வி கேட்டார். இளம் வளர்ப்புகளில் புதிய பொருள் முதலில் செல்லைச் சுற்றி வளையமாகச் சேரும், வெளிப்புறம் வெளிறியிருக்கும். இங்கே செல்லின் அருகிலும், செல்லே இல்லாத இடத்திலும், வில்லையின் விளிம்பிலும் ஒரே நிறமாக இருப்பது ஏன் என்று கேட்டார். பிறகு, செல் இல்லாத வில்லை இருந்தால் ஒன்றைக் கொடுங்கள் என்றார்.

வெற்று வில்லை சொன்னது

மறுநாள் செல் இல்லாத வில்லை ஒன்று வெட்டிச் சாயமிடப்பட்டது. நிறம் அதேதான். இரண்டு கண்ணாடிச் சில்லுகளையும் பெயரை மறைத்து வைத்தபோது, செல்களின் புள்ளிகளைத் தவிர வேறு எதைக் கொண்டும் அவற்றை வேறுபடுத்த எங்களால் முடியவில்லை.

காரணம் எளியது, தெரியாததும் அல்ல. ஆல்ஜினேட்டின் ஒவ்வொரு அலகிலும் ஒரு கார்பாக்சில் தொகுதி இருக்கிறது. சாதாரணப் பி.எச். மதிப்புகளில் அது எதிர்மின்னேற்றம் கொண்டது. சஃப்ரானினும் டைமெத்தில்மெத்திலீன் நீலமும் நேர்மின்னேற்றச் சாயங்கள். எதிர்மின்னேற்றம் சல்பேட்டிலிருந்து வந்ததா, கார்பாக்சிலிலிருந்து வந்ததா என்பதைச் சாயம் தானாகப் பிரித்தறிவதில்லை. நாங்கள் பயன்படுத்திய நீலச் சாயக் கரைசலின் பி.எச். 3. ஆல்ஜினேட்டின் pKa மதிப்பு, அதாவது அதன் கார்பாக்சில்களில் பாதி மின்னேற்றத்தோடு இருக்கும் பி.எச்., 3.4-க்கும் 3.7-க்கும் இடைப்பட்டது; பி.எச். 3-இல் அதன் கார்பாக்சில்களில் கணிசமான பங்கு இன்னும் மின்னேற்றத்தோடுதான் இருக்கும்.

மாணவி இன்னொரு வேலையையும் தானாகவே செய்தார். செல் இல்லாத வில்லைகளின் கிண்ணங்களிலிருந்து அதுவரை வீசிக்கொண்டிருந்த பழைய ஊடகத்தை அன்றைய மாற்றத்திலிருந்து சேமித்து, அதே சோதனைக்கு உட்படுத்தினார். அடுத்தடுத்த மூன்று மாற்றங்களிலும் அளவீடு ஏறியது. ஏறிய சாய்வு, செல்லுள்ள வில்லைகளின் சாய்வை ஒத்திருந்தது.

அப்போதுதான் தனித்தனியாகப் பார்த்துவந்த இரண்டு விஷயங்கள் ஒன்றாயின. வில்லை இளகியது. இளகியபோது பூட்டவிழ்ந்த ஆல்ஜினேட் சங்கிலிகள் ஊடகத்தில் கரைந்தன. கரைந்த ஆல்ஜினேட் சாயத்தோடு சேர்ந்து, செல் சுரந்த பொருளைப் போல எண்ணிக்கை காட்டியது. வில்லைக்குள் அளவீடு குறைந்ததும் வெளியே கூடியதும் ஒரே கசிவின் இரண்டு முகங்கள். சுரப்பு என்று நாங்கள் வரைந்த கோடு, பெரும்பாலும் களி கரைந்த வேகத்தின் கோடு.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெறுவது. மறுசோதனை முடியும்வரை பொறுக்கலாம் என்ற கருத்தும் கூட்டத்தில் எழுந்தது. செல்கள் ஓரளவாவது சுரந்திருக்கக்கூடும், அப்போது எண்ணை மட்டும் திருத்தினால் போதுமே என்பது அதன் வாதம். நான் உடன்படவில்லை. செல்கள் சுரந்தனவா என்பதற்கு அன்று எங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை. இருந்தது பயனற்ற அளவீடு மட்டுமே. அந்த வாரமே திரும்பப் பெற்றோம். மருத்துவரிடம் நேரில் சொல்லி விலங்குச் சோதனை வரைவை நிறுத்தினோம். அவர் அதிகம் பேசவில்லை. செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டார். உயிருள்ள செல்லைப் பச்சையாகவும் இறந்ததைச் சிவப்பாகவும் காட்டும் உயிர்ச் சாயத்தில் பெரும்பாலானவை பச்சையாகவே இருந்தன என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இரண்டாவது முடிவு பற்றி விவாதம் நீண்டது. விரிவாகச் சொல்லத் தக்கதும் அதுவே. வெற்று வில்லையின் அளவீட்டைச் செல்லுள்ள வில்லையின் அளவீட்டிலிருந்து கழித்துவிட்டால், இருக்கும் தரவைக் காப்பாற்றிவிடலாமே என்று மாணவி கேட்டார். பல ஆய்வுக்கூடங்கள் இதைச் செய்கின்றன. சில சூழல்களில் அது போதும். இங்கே போதாது என்று முடிவு செய்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. கழிக்கப்படும் எண் மாறாததாக இருக்க வேண்டும்; ஆனால் எங்கள் வில்லைகள் கரையும் வேகம் வில்லைக்கு வில்லை வேறுபட்டது, செல்கள் உள்ளே இருப்பதே அந்த வேகத்தை மாற்றக்கூடும். அடுத்து, கழிக்க வேண்டியது பெரிய எண், மிஞ்சுவது சிறிய எண். பெரிய எண்ணின் சிறு பிழை மிச்சத்தை முழுதும் விழுங்கிவிடும். கடைசிக் காரணம் சாயத்தின் வேதியியல் சார்ந்தது. கிண்ணத்தில் இருக்கும் சாயம் அளவானது. ஆல்ஜினேட் அதில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டால், உண்மையான கிளைக்கோசமினோகிளைக்கானுக்குக் குறைவே மிஞ்சும். ஆகவே இரண்டின் அளவீடுகளும் நேராகக் கூடுவதில்லை. நேராகக் கூடாதவற்றை நேராகக் கழிக்கவும் கூடாது. கிளைக்கோசமினோகிளைக்கான்களில் ஒன்றான காண்ட்ராய்ட்டின் சல்பேட்டைத் தெரிந்த அளவில் ஆல்ஜினேட் கரைசலில் கலந்து சோதித்துப் பார்த்தோம். ஆல்ஜினேட் குறைவாக இருந்த கிண்ணங்களில் சேர்த்ததைவிட அதிகம் காட்டியது. ஆல்ஜினேட் மிகுந்த கிண்ணங்களில், காண்ட்ராய்ட்டினைக் கூட்டிக்கொண்டே போனபோதும் எண் அசையவில்லை. மாணவியின் கேள்விக்கு அந்தத் தட்டே விடையாகிவிட்டது. முதல் சுற்றின் தரவு முழுவதையும் விலக்கினோம்.

மூன்றாவது முடிவு, ஆல்ஜினேட்டை விடாமல், அதனருகே அகரோஸ் களியில் ஒரு சிறு இணைச் சோதனையை நடத்துவது. அகரோஸ் பெரும்பாலும் மின்னேற்றமற்ற பலபடி. நீலச் சாயத்தை அது ஈர்ப்பதில்லை. அதிலிருந்து செல்களை மீட்பது கடினம், ஆகவே மருத்துவரின் நோக்கத்துக்கு அது பயன்படாது. ஆனால் ஒரே செல்கள், ஒரே ஊடகம், வேறு களி என்று வைத்தால், எங்கள் திருத்தப்பட்ட அளவீடு சரியா என்பதைச் சொல்ல ஒரு சாட்சி கிடைக்கும். ஜெலட்டின் சார்ந்த களிக்கு மாறலாம் என்ற யோசனையை ஒதுக்கினோம். அங்கே கார்பாக்சில் தொல்லை குறையலாம். ஆனால் கொலாஜனை அளக்கப் பயன்படும் ஹைட்ராக்சிபுரோலின் ஜெலட்டினிலேயே நிறைய இருப்பதால், அதே தவறு வேறொரு சோதனையில் குடியேறியிருக்கும்.

இளக்கத்தின் காரணத்தைத் தேடியது

அளவீட்டுத் தவறு தனி. வில்லை ஏன் அவ்வளவு விரைவில் கரைந்தது என்பது தனி. இரண்டையும் பிரித்தே ஆராய்ந்தோம்.

செயல்முறைக் குறிப்பில் ‘ஊடகம் மாற்றுமுன் தாங்கல் கரைசலில் கழுவுக’ என்று ஒரு வரி இருந்தது. தாங்கல் கரைசல் என்பது பி.எச்.சை நிலையாக வைத்திருக்கும் கரைசல்; எந்தத் தாங்கல் கரைசல் என்று எழுதவில்லை. அலமாரியில் இருந்தது பாஸ்பேட் தாங்கல் உப்புக்கரைசல். செல் வளர்ப்பில் எதையும் அதில்தான் கழுவுவோம். உதவியாளரும் அப்படியே செய்தார், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று முறை. சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் கால்சியம் 1.8 மில்லிமோலார், பாஸ்பேட் ஏறத்தாழ 0.9 மில்லிமோலார். தாங்கல் கரைசலிலோ கால்சியமே இல்லை, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பாஸ்பேட் 10 மில்லிமோலார். கால்சியத்தால் பூட்டப்பட்ட களிக்கு இதைவிடப் பொருந்தாத குளியல் அந்த அலமாரியில் சிட்ரேட்டும் ஈ.டி.டி.ஏ.வும் மட்டுமே. வாரத்துக்கு ஒன்பது முறை கழுவி, சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாக நாங்களே திருகிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு காரணம் புட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் கிடைத்தது. ‘கிருமி நீக்கம் செய்யப்பட்டது’ என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. முறை எழுதப்படவில்லை. விசாரித்தபோது பாதிப் புட்டிகள் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியிலும், மீதிப் பாதி அழுத்தக் கொப்பரையில் 121 டிகிரி செல்சியஸிலும் கிருமி நீக்கப்பட்டவை என்று தெரிந்தது. 2 சதவீத ஆல்ஜினேட் கரைசல் பாகுபோல் இருக்கும். வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்ளும். வேலை தேங்கியபோது கொப்பரைக்குப் போனது இயல்பான முடிவு. ஆனால் அந்த வெப்பம் சங்கிலிகளை அறுத்துக் குறுக்கிவிடும். குறுகிய சங்கிலிகளாலான களி வலுக்குறைந்தது. பூட்டு அவிழ்ந்ததும் எளிதாகக் கரைந்து வெளியேறுவது. வில்லைக்கு வில்லை வேகம் வேறுபட்டதற்கும் இதுவே பெரும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

செல் இல்லாத வில்லைகளை மட்டும் வைத்து இதைச் சோதித்தோம். வடிகட்டிய கரைசலில் செய்தவை, கொப்பரையில் வைத்த கரைசலில் செய்தவை என இரு வகை. ஒவ்வொன்றிலும் பாஸ்பேட்டில் கழுவியவை, கழுவாதவை, சிறிதளவு கால்சியம் சேர்த்த 0.9 சதவீத உப்புநீரில் கழுவியவை என மூன்று பிரிவுகள். ஒரு வாரம் எடை போட்டுவந்தோம். வடிகட்டிச் செய்து கால்சிய உப்புநீரில் கழுவிய வில்லைகள் ஏறத்தாழ மாறாமல் இருந்தன. கொப்பரைக் கரைசலில் செய்து பாஸ்பேட்டில் கழுவியவற்றை ஏழாம் நாள் எடை போட முடியவில்லை, இடுக்கியில் நிற்கவில்லை. மற்றவை இடையில் விழுந்தன.

தேடலின் நடுவே திசுவியல் நுட்பர் மூன்றாவது ஒன்றையும் கண்டார். வெட்டுக்கு முன் திசுவை நிலைப்படுத்தப் பயன்படுத்திய ஃபார்மலின் கரைசலும் பாஸ்பேட் தாங்கல் கொண்டதே. முதல் சுற்றின் வெட்டுகளில் சில கிழிந்திருந்ததற்கும், விளிம்புகள் மங்கியிருந்ததற்கும் அது காரணமாக இருக்கலாம். அடுத்த சுற்றில் பாஸ்பேட் இல்லாத, கால்சியம் சேர்த்த கரைசலில் நிலைப்படுத்த ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் சுற்று

களியை உறையவைக்கும் முறையையும் மாற்றினோம். கால்சியம் குளோரைடில் மூழ்கவைக்கும்போது உறைதல் வெளியிலிருந்து உள்ளே செல்கிறது; உறையும் முனையை நோக்கி ஆல்ஜினேட் நகர்ந்து மேற்பரப்பில் செறிகிறது; நடுப்பகுதி வலுவற்றுப் போகிறது. அதற்கு மாறாகக் கால்சியம் கார்பனேட் நுண்தூளைக் கரைசலிலேயே பரப்பி, குளுக்கோனோ டெல்ட்டா லாக்டோன் சேர்த்தால், அது மெல்ல நீராற்பகுத்து அமிலமாகிக் கால்சியத்தை வில்லை முழுவதும் ஒருசேர விடுவிக்கும். ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் லாக்டோன் என்று வைத்தால் அமிலமும் காரமும் ஈடாகி, பி.எச். நடுநிலைக்கு அருகில் வந்து நிற்கும். உண்டாகும் கரியமில வாயு சில வில்லைகளில் சிறு குமிழிகளை விட்டது, அவற்றை ஒதுக்கினோம்.

ஆல்ஜினேட் முழுவதையும் நீர்த்த நிலையில் வடிகட்டி, குளிரில் உறையவைத்து உலர்த்தி, மீண்டும் தேவையான செறிவில் கரைத்தோம். கழுவுதலைக் கால்சிய உப்புநீரில் ஒரே முறையாகக் குறைத்தோம். களிக்கு உள்ளே அதிகக் கால்சியம் வைத்தால் இன்னும் உறுதி கிடைக்கும். ஆனால் செல்களே கால்சியத்துக்கு எதிர்வினை காட்டுபவை என்பதால், ஊடகத்தின் அளவை விட்டு அதிகம் விலகவில்லை.

அளவீட்டில் நீலச் சாயக் கரைசலின் பி.எச்.சை 1.5-க்கு இறக்கினோம். அந்த அமிலத்தன்மையில் கார்பாக்சில்கள் ஏறத்தாழ அனைத்தும் ஹைட்ரஜனை ஏற்று மின்னேற்றம் இழக்கும், சல்பேட்டுகள் இழக்கமாட்டா. இதற்கும் ஒரு விலை உண்டு. ஆல்ஜினேட் அமிலத்தில் படிவதால் கரைசல் கலங்கலாம். அதனால் மாதிரிகளைப் போதுமான அளவு நீர்த்து, ஒரே அலைநீளத்தை நம்பாமல் 525, 595 நானோமீட்டர் இரண்டின் வேறுபாட்டை எடுத்தோம். காண்ட்ராய்ட்டின் சல்பேட்டின் அளவுக்கோட்டையும் வெறும் நீரில் வரையாமல், மாதிரியில் உள்ள அதே அளவு ஆல்ஜினேட் கலந்த கரைசலில் வரைந்தோம். திசு வெட்டுகளில் சஃப்ரானினைக் கைவிட்டு, பி.எச். 1-இல் ஆல்சியன் நீலமும், இரு வகைக் கொலாஜன்களுக்கும் எதிர்ப்பொருள் சாயமும் இட்டோம். எல்லா அளவையும், செல்களின் எண்ணிக்கையைக் காட்டும் டி.என்.ஏ. அளவால் வகுத்தோம். வெற்று வில்லையில் டி.என்.ஏ. அளவீடு பூச்சியத்தை ஒட்டியே நின்றது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டோம். அதற்குள் எதையும் நம்பாத பழக்கம் வந்துவிட்டிருந்தது.

ஒவ்வொரு சோதனைக்கும், ஒவ்வொரு நாளிலும், செல் இல்லாத வில்லை ஒன்று கூடவே சென்றது.

விளைவு

28-ஆம் நாளில் கிடைத்தது எளிய உண்மை. செல்கள் கிளைக்கோசமினோகிளைக்கானை உருவாக்கியிருந்தன. ஆனால் திரும்பப் பெற்ற சுருக்கத்தில் நாங்கள் எழுதியிருந்ததில் அது ஒரு சிறு பங்கே. ஆல்சியன் நீலத்தில் அது செல்களைச் சுற்றி மெல்லிய வளையங்களாகத் தெரிந்தது, நுட்பர் எதிர்பார்த்தபடியே. இடைவெளிகள் வெளிறியிருந்தன. வெற்று வில்லை நிறமற்று இருந்தது. அகரோஸ் வில்லைகளில் டி.என்.ஏ.வுக்கு ஈடான அளவு ஆல்ஜினேட்டின் அளவோடு ஒத்துப்போனது. திருத்திய சோதனைமீது நம்பிக்கை வந்தது அந்த ஒப்புமையால்தான். இரண்டாம் வகைக் கொலாஜன் பல செல்களைச் சுற்றி இருந்தது. முதல் வகையும் சில இடங்களில் இருந்தது. பழைய இயல்பு முழுதாகத் திரும்பவில்லை.

அமுக்கச் சோதனை இன்னொரு மாயையைக் கலைத்தது. இரண்டாம் சுற்று வில்லைகள் உறுதியாக இருந்தன. கையில் எடுத்தால் திசுவைத் தொடுவது போன்ற உணர்வு. ஆனால் செல்லுள்ள வில்லைக்கும் வெற்று வில்லைக்கும் விறைப்பில் பிரித்துச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அந்த உறுதி களியினுடையது. செல்கள் சேர்த்தது அதில் இன்னும் இல்லை. மூட்டுக் குருத்தெலும்பின் அமுக்க விறைப்பு ஏறத்தாழ 0.5 முதல் 0.9 மெகாபாஸ்கல் வரை என்று வைத்துக்கொண்டால், எங்கள் வில்லை அதன் அருகில்கூட இல்லை. விலங்குச் சோதனை வரைவு மறுபடி எடுக்கப்படவில்லை. செல்களைச் சிட்ரேட்டில் மீட்பது மட்டும் நன்றாக நடந்தது. மருத்துவர் அந்தப் பகுதியைத் தனி ஆய்வாகத் தொடர்கிறார். திரும்பப் பெற்ற சுருக்கத்துக்குப் பதிலாகப் பின்னர் அனுப்பியதில் முதல் படம் வெற்று வில்லையின் வெட்டு.

மாற்றியவையும் எஞ்சியவையும்

எங்கள் குறிப்புகளில் இப்போது ‘தாங்கல் கரைசல்’ என்று மட்டும் எழுத இடமில்லை. பெயர், பாஸ்பேட் உண்டா, கால்சியம் எவ்வளவு என்று எழுத வேண்டும். ஆல்ஜினேட் புட்டியின் சீட்டில் கிருமி நீக்கிய முறையும், தொகுதி எண்ணும், விற்றவரிடமிருந்து கிடைத்த குலுரானிக் விகிதமும் இருக்க வேண்டும். இயற்கைப் பலபடி என்பதால் பாசியின் இனத்தையும் அறுவடையையும் பொறுத்து இவை மாறும், ஒரு தொகுதியின் முடிவை அடுத்ததற்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. வெற்று மாதிரி என்ற சொல்லுக்கு எங்கள் கூடத்தில் பொருள் மாறிவிட்டது: செல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும், எல்லா நாட்களிலும் கடந்து வந்த களி. புதிய சோதனை எதுவாயினும், செல்லை அடைக்கும் முன்பே, களியை மட்டும் வைத்து அதற்கு ஒரு நாள் ஒதுக்குகிறோம். உதவியாளர் ஏழாம் நாளில் சொன்னது போன்ற கவனிப்புகளுக்கு இப்போது பதிவேட்டில் தனிப் பத்தி உண்டு. அன்று அவர் சொன்னதை யாரும் எழுதிவைக்கவில்லை, தேதியை நினைவிலிருந்துதான் மீட்டோம்.

தீராதது ஒன்று இருக்கிறது. லாக்டோன் முறையில், முதல் சில மணி நேரம் களியின் உள்ளே பி.எச். இறங்கி, கார்பனேட் கரையக் கரையவே மேலேறுகிறது. இரண்டாம் சுற்றின் ஒரு தொகுதியில் முதல் நாள் உயிர்ச் சாயத்தில் சிவந்த செல்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தன. லாக்டோனைக் குறைத்தால் அமிலம் குறையும், ஆனால் உறைதல் தாமதமாகி, செல்கள் அச்சின் அடியில் படியும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை இப்போது நான்கு வெவ்வேறு அளவுகளில் சோதித்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு வெற்று வில்லை இருக்கிறது.